எலி விழுந்த வளவு

மதுரை ஆற்றைத் தாண்டி வளர்ந்த கதையை யாராவது பெருமையாக ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பழைய ஊருக்குள் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, கொள்ளைநோய் வேறு வந்து வந்து போனது, அதனால் சனங்கள் விசாலமான இடம் தேடி வெளியே வந்தார்கள் என்பார்கள். தேடி வந்தவர்கள் உண்டு. தல்லாகுளத்துப் பக்கம் மாந்தோப்புக்குள் பங்களா கட்டிக்கொண்டு போனவர்கள் தேடித்தான் வந்தார்கள். விளாங்குடிப் பொட்டலுக்கு வந்த நாங்கள் எதையும் தேடவில்லை. எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கூட்டிப் போக மட்டும் மறந்துவிட்டார்கள். அவர்களையும் எங்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருந்தது தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள். வளவு என்பார்கள். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, சுற்றிலும் ஒன்றோடொன்று தோளை ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வாடகை வீடுகள். மண்சுவர், மேலே நாட்டு ஓடு. பாதி வீடுகளில் எங்களைப் போல முஸ்லிம் குடும்பங்கள், மீதிப் பாதியில் மற்றவர்கள். அத்தா பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். சந்து முனையில் துருத்தியும் கரியடுப்புமாக உட்கார்ந்திருப்பார். மாசி வீதி வீடுகளின் பித்தளை அண்டாவும் குண்டாவும் அவர் கைக்கு வந்து வெள்ளைவெளேரென்று ஆன பிறகுதான் சமையற்கட்டுக்குள் போகும். வாசலை விட்டு இறங்கினால் வேலை, வேலையை விட்டு எழுந்தால் வீடு. பள்ளிவாசல் கூப்பிடு தூரம். ஒரு மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்மாவுக்கு அந்த வளவை விட்டால் வேறு ஊர் தெரியாது. வாக்கப்பட்டு வந்ததும் அங்கேதான், அக்காவையும் என்னையும் பெற்றதும் அங்கேதான். வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டியை முகம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகப் போகிறவள், முற்றத்துக்குள் வந்துவிட்டால் ராசாத்தி. கிணற்றில் முதல் வாளி யார் இறைப்பது, யார் வீட்டு வடகம் எந்த மூலையில் காய்வது, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு அவளிடம்தான். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தேய்த்த பாத்திரத்தைத் திரும்பத் தேய்ப்பாள். அத்தா அதைச் சொல்லிச் சிரிப்பார். "உங்கம்மா ஒரு தடவை துப்புரவு பண்ணுனா, அந்த இடத்துல சைத்தான்கூடக் குடியிருக்க வெக்கப்படுவான்."

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு கீரைக்கார அக்கா இருந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி. ஊரில் நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் களையெடுத்தே பொழுது போன குடும்பம். புருசனும் பிள்ளைகளுமாக மதுரைக்கு வந்து, விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கீரை விற்றாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு நாள் சண்டை, மறுநாள் ஒரே தட்டில் சோறு.

வளவுக்குச் சொந்தக்காரர் ஒரு தானிய வியாபாரி. முதலாளி என்றுதான் எல்லாரும் சொல்வோம். எங்கள் பின்சுவரை ஒட்டி அவருடைய கிட்டங்கி. நெல், கடலை, பருத்திக்கொட்டை என்று உத்திரம் வரை மூட்டை அடுக்கியிருக்கும். எலிகள் அங்கே குடும்பம் நடத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு விருந்தாட வரும். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பின்சுவரின் பொந்துகளை அவர் அடைத்துத் தரவில்லை.

கூரைக்கும் அவர் ஒரு ஓடு வாங்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. வருசா வருசம் மழைக்கு முன்னால் ஏதாவது ஒரு நாள் வளவே சேர்ந்து ஓடு மாற்றும். ஆண்கள் மேலே ஏறி ஓட்டை இறக்குவார்கள். பெண்கள் வரிசையாக நின்று கைக்குக் கை வாங்கி, பாசி சுரண்டி, உடைந்ததைக் கழித்து, முற்றத்தில் அடுக்குவார்கள். உளுத்த கம்பை மாற்றிவிட்டுச் சாயங்காலத்துக்குள் மறுபடியும் மேய்ந்துவிடுவார்கள். ஒழுகும் இடங்களுக்கு அத்தா மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி அடித்து வைப்பார். அன்றைக்கு யார் வீட்டிலும் தனியாக உலை கிடையாது. முற்றத்தில் ஒரு பெரிய அடுப்பு, ஒரே குழம்பு. அந்தக் கூரை எங்கள் கூரை என்ற நினைப்பு எங்களுக்கு அப்படித்தான் வந்தது. தொட்டு வேலை பார்த்ததெல்லாம் தனது என்று நம்புகிற ஏமாளிகள் நாங்கள்.

கம்பம் பக்கம் பிளேக் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. கம்பம் எங்கே, மாசி வீதி எங்கே என்று இருந்தோம். ஒரு நாள் காலையில் கிட்டங்கி ஆட்கள் செத்த எலிகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சந்துச் சாக்கடையில் தள்ளினார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு குவியல். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றே கத்தினாள். "ஏன்யா, ஒங்க எலியை எங்க வாசல்ல கொண்டாந்து கொட்டுறீக?" ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "எலி என்ன அட்ரஸ் எழுதிக்கிட்டா சாகுது?" என்றான். கீரைக்கார அக்கா கூடையை இறக்காமல் நின்று பார்த்தாள். "அக்கா, எலி விழுந்தா ஊரைக் காலி பண்ணணும்பாக எங்க பக்கம்" என்றாள் அம்மாவிடம். மறு வாரம் எங்கள் வளவிலேயே ஒரு தையற்காரர் அக்குளில் கட்டி கண்டு மவுத்தானார். பின்னாலேயே அவர் மகளும் போனாள்.

அதற்குப் பிறகுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஆட்களோடு வந்தார், பினாயிலோடு வந்தார், எங்கள் அடுப்படி வரை வந்தார். கிட்டங்கிப் பக்கம் மட்டும் போகவில்லை. அதற்குப் பூட்டுப் போடவில்லை, ஒரு மூட்டையை நகர்த்தச் சொல்லவில்லை. ஊருக்குச் சோறு வேண்டுமாம், தானியத்தில் கை வைக்க முடியாதாம். எலி எங்கே தின்றதோ அந்த இடம் சுத்தம், எங்கே வந்து செத்ததோ அந்த இடம் அசுத்தம். என்ன நியாயம் இது என்று அன்றைக்குக் கேட்க எனக்கு வயது போதவில்லை. கேட்டிருக்க வேண்டிய வயதில் இருந்தவர்கள் எல்லாம் பயந்து போய் நின்றார்கள்.

முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் சொன்னார். "எல்லாரும் வெளிய போயிரணும். விளாங்குடில கொட்டகை போட்டிருக்கு. வீட்டுக்குள்ள வெயில் படணும், அதனால ஆளுக்கு ரெண்டு வரிசை ஓட்டை எடுத்துவிட்டுட்டுப் போங்க. நோய் அடங்குனதும் திரும்பி வந்துரலாம்."

மனிதர் கெட்டவர் இல்லை. சாந்தமாகத்தான் சொன்னார். அந்தச் சாந்தத்தை அம்மா நம்பினாள். அவர் தலை மறைந்ததும் வளவுப் பெண்களைக் கூட்டிவிட்டாள். "எடுக்குறதுதான் எடுக்குறோம், ரெண்டு வரிசை எதுக்கு? அம்புட்டையும் இறக்கிருவோம். மூலைமுடுக்கெல்லாம் நல்லா வெயில் விழட்டும். எப்படியும் ஓடு மாத்துற மாசந்தானே? திரும்பி வந்து ஒரே மூச்சுல மேஞ்சுக்கலாம்."

கீரைக்கார அக்கா தயங்கினாள். "அவரு ரெண்டு வரிசைதானக்கா சொன்னாரு?"

"ஏன்டி, பாதி கழுவுன பானையிலயா சோறாக்குவ?"

அவ்வளவுதான். ஆண்கள் மேலே ஏறினார்கள். அன்றைக்குக் குழம்பு மட்டும்தான் இல்லை, மற்றபடி வருசா வருசம் நடக்கிற மாதிரியே நடந்தது. ஓடெல்லாம் இறங்கியது. உளுக்காத கம்பையும் இறக்கி, மழை பட்டால் வீணாகும் என்று கிணற்றோரக் கொட்டடியில் அடுக்கினார்கள். அத்தாவின் தகடுகள் ஒரு கட்டாக ஓரத்தில். அம்மா வெறுந்தரையைக் கூட்டி, மூலைக்கு மூலை சுண்ணாம்பு தெளித்து, கூரையே இல்லாத வீட்டின் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மேல வழியா வர்றவனுக்கு என்னம்மா செய்வ?" என்றாள். "அல்லா பாத்துக்குவான், நட" என்றாள் அம்மா.

மாட்டுவண்டியில் வைகை மணலைத் தாண்டி வடகரை ஏறியபோது தோப்புகளுக்குள் புதுப் பங்களாக்கள் தெரிந்தன. அதில் ஒன்று முதலாளியுடையது. எலி விழுந்த அன்றே அவர் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த முனிசிபாலிட்டிச் சேவகனிடம் அத்தா விசாரித்தார். "முதலாளி காத்து மாத்தத்துக்கு வந்திருக்காரு" என்றான். ஒரே நோய், ஒரே சந்து, ஒரே எலி. அவர் வந்தால் காற்று மாற்றம். நாங்கள் வந்தால் தொற்று.

விளாங்குடி அப்போது ஒரு கிராமம். அதையும் தாண்டித் திண்டுக்கல் ரோட்டோரமாக ஒரு கருவேலம் பொட்டல். அங்கே பனையோலைக் கொட்டகைகள். மேலே ஓலை உண்டு, பக்கத்தில் மறைப்பு இல்லை. அம்மா தன் சேலைகளைக் கட்டி நாலு பக்கமும் மறைத்தாள். காற்று அடிக்கிற போதெல்லாம் அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கிராமத்துக்காரர்கள் தங்கள் கிணற்றில் வாளியைப் போட விடவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்குக் காம்பு என்று பெயர், இங்கிலீஷ் ‘கேம்ப்’ சனங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நாங்கள் காம்புக்காரர்கள். அத்தா துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனார். முப்பாட்டன் காலத்திலிருந்து பாத்திரம் கொடுத்த வீட்டுப் பெண்கள் நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, "இப்ப வேணாம் பாய், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் கடைசி வரை முடியவில்லை.

புரட்டாசி கடைசியில் மேகம் கூடியது. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நோயும் அடங்கிவிட்டது, ஒரே ஒரு நாள் போய் ஓட்டை மேய்ந்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று அத்தாவை விட்டுக் கேட்கச் சொன்னாள். ரோட்டில் காவலுக்கு நின்ற சேவகன் விடவில்லை. மேலே இருந்து உத்தரவு வரவில்லையாம். மழைக்கு யாரிடமிருந்தும் உத்தரவு வர வேண்டியதில்லை. அது பாட்டுக்கு வந்தது. ஐப்பசி மழையில் எங்கள் ஓலைக் கொட்டகை ஒழுகியதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டு, "சுவரு மண்ணு... சுவரு மண்ணு..." என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

உத்தரவு வந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவர் பாதி கரைந்திருந்தது. மீதிப் பாதியை முதலாளியின் ஆட்கள் கடப்பாரை போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு அடுக்கு இல்லை, கம்பு இல்லை, தகடு இல்லை. கிணற்றை மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். கிட்டங்கியின் பின்சுவரை இடித்துவிட்டு, எங்கள் முற்றத்தையும் சேர்த்து வளைத்து அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அதுவும் கருங்கல் அஸ்திவாரம். எங்களுக்கு ஒரு பொந்து அடைக்கக் கை வராதவர், மூட்டைகளுக்குக் கருங்கல்லில் வீடு கட்டினார்.

அத்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வடகரைக்கு நடந்தாள். அவள் வாழ்க்கையில் ஆண் துணை இல்லாமல் அம்புட்டுத் தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை.

பங்களாவின் இரும்புக் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றான் காவல்காரன். கணக்குப்பிள்ளை வந்து, காம்பிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். கிராதி வழியாக உள்ளே பார்த்தேன். காரை நிறுத்துவதற்கு ஒரு கொட்டகை புதிதாக மேய்ந்திருந்தார்கள். பழைய நாட்டு ஓடு. நடுவில் ஒரு தகடு. டின்னில் இருந்த சிவப்பு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. அத்தா எழுத்துத் தெரியாதவர், எப்போதும் தலைகீழாகத்தான் அடிப்பார். நான் அம்மாவின் கையை இழுத்துக் காட்டினேன். அவள் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தாள்.

முதலாளி வராந்தாவிலிருந்தே பேசினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. "பாயம்மா, நானா ஓட்டைப் பிரிக்கச் சொன்னேன்? இன்ஸ்பெக்டரே ரெண்டு வரிசைதான் சொன்னாராம். நீங்களா அம்புட்டையும் இறக்கிப் போட்டுட்டுப் போனா சுவர் நிக்குமா? இடிஞ்ச சுவரை அப்படியே விட்டா நாளைக்கு எவன் தலைலயாவது விழும், முனிசிபாலிட்டிக்காரன் என்னையில்ல கேப்பான்?"

"திரும்பி வந்துரலாம்னு சொன்னாக. அதான் சுத்தமாப் பிரிச்சோம்" என்றாள் அம்மா.

"சொன்னவர்கிட்டப் போய்க் கேளுங்க. அதோட ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. ஊருக்குள்ள எலிப்பொந்து மாதிரி நெருக்கி நெருக்கிக் குடியிருந்ததாலதான் இம்புட்டு நோயும். வெளிய நல்ல காத்தோட்டமான எடம். நானே ஊரை விட்டு வந்துட்டேன்ல?"

துப்பட்டிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் நடுங்காமல் வந்தது. "நீங்க வந்துட்டீக. ஒங்க மூட்டை வரலையே மொதலாளி. அது எங்க வீட்டுலல்ல குடியிருக்கு."

அவர் உள்ளே போய்விட்டார். நாங்கள் திரும்பி நாலு எட்டு வைத்திருப்போம், பின்னால் சளக்கென்று சத்தம் கேட்டது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் காவல்காரன் பினாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த நாற்றத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைவிட அந்த வாசனைதான் எனக்கு முதலில் கோபத்தைக் கிளப்புகிறது.

ஊருக்குள் வேறு வீடு தேடினோம். காம்பிலிருந்து வருகிறோம் என்றதும் கதவு சாத்தினார்கள். போக இடமில்லாதவர்கள் எல்லாரும் பொட்டலிலேயே தங்கிவிட்டோம். ஓலையைச் சுற்றி மண்சுவர் வைத்தோம், முருங்கைக் கொம்பு நட்டோம், கிணறு வெட்டினோம். அத்தா துருத்தியைத் தூக்கிக்கொண்டு சோழவந்தான் வரை போவார். கொடிக்கால்காரர்கள் வீடுகளில் ஈயம் பூசிவிட்டு, கூலிக்குப் பாதி வெற்றிலையாக வாங்கிக்கொண்டு திரும்புவார். எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாதான் என்று குத்திக்காட்ட வளவுக்காரர்கள் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது கீரைக்கார அக்காவுக்குத்தான். அவள் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. முன்னைப்போலவே சண்டை போட்டாள், முன்னைப்போலவே கீரை கொடுத்தாள்.

அக்காவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் காஜிமார் தெருப் பக்கம். அவர்களும் வரவில்லை. எங்கேயோ தள்ளிக் குடியிருக்கிறார்கள், போக வரச் சிரமம் என்று ஆள் சொல்லிவிட்டார்கள். இதே வடகரையில் ஒரு பங்களாவில் பெண் இருந்திருந்தால் சிரமம் பார்த்திருப்பார்களா? அக்கா ஒரு பொழுது அழுதாள். அப்புறம் சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புடைக்கிற கை. உலகச் சண்டைக் காலம் ஆரம்பித்துத் தானியத்துக்குக் கிராக்கி வந்ததும், கல்லும் மண்ணுமாகக் கிடந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து காம்புப் பெண்களிடம் புடைக்கக் கொடுத்தார்கள். எந்தக் கிட்டங்கி மூட்டை என்று கேட்க வேண்டாம். எங்கள் முற்றத்தில் அடுக்கியிருந்த மூட்டைதான். எங்களை வெளியே தள்ளிவிட்டு, பின்னாலேயே வேலையும் அனுப்பினார் புண்ணியவான்.

அந்த மூட்டைகளோடு எலியும் வந்தது. ஒரு நாள் அக்கா கடலைச் சாக்கை உதறியபோது செத்த எலி ஒன்று அவள் மடியில் விழுந்தது.

மறு வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே மனிதர். காதோரம் நரைத்திருந்தது. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முற்றம் இல்லை, அதனால் முருங்கை மரத்தடியில் நின்று சொன்னார். "எல்லாரும் காலி பண்ணணும். இன்னும் கொஞ்சம் தள்ளி ரோட்டோரமாக் கொட்டகை போடுறோம். நோய் அடங்குனதும் திரும்பி வந்துரலாம்."

கடைசியில் சொன்னது அதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கூட்டம் கலைந்தது. அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள்.

கீரைக்கார அக்கா மட்டும் மூட்டை கட்டினாள். அம்மாவிடம் வந்து கெஞ்சினாள். "அக்கா, எங்கூட வாங்க. கொட்டாம்பட்டிக்குப் போயிருவோம். வீடு போனாக் கட்டிக்கலாம், உசுரு போனா வருமா?"

"நீ போத்தா. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போ. நான் எந்திரிச்சா இதும் கிட்டங்கியாயிரும்."

"பொண்ணுகளையாச்சும் அனுப்புங்கக்கா."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "நான் வரலை. இன்னொரு பொட்டல்ல போய்ச் சேலை முனையைப் பிடிச்சுக்கிட்டு என்னால உக்கார முடியாது." அவள் போகாததால் நானும் போகவில்லை. கீரைக்கார அக்கா பிழைத்தாள், அவள் பிள்ளைகளும் பிழைத்தார்கள். ஆனால் ஆளில்லாத வீடு என்று அவள் குடிசையை முனிசிபாலிட்டி ஆட்கள் கொளுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் யாரோ முள்வேலி போட்டார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. இரண்டில் எது சரி என்று இப்போது என்னிடம் கேட்காதீர்கள்.

அம்மாவின் பிடிவாதம்தான் அக்காவைக் கொன்றது என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? போகச் சொன்னவர்களில் ஒருத்தராவது, நாங்கள் போனால் இந்த மண் எங்களுக்கே திரும்பி வரும் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா? இருந்தவர்கள் சொன்னார்களா? நோய்க்குப் பயப்படத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். அதைவிடப் பெரிய பயத்தை எங்களுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

அக்காவுக்குத் தொடையிடுக்கில் கட்டி கண்டது. காய்ச்சலில் யாரையோ சுளகைக் கொடு, சுளகைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நோய் அதிக நாள் படுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அத்தா ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் அடங்கிவிட்டாள்.

குளிப்பாட்ட யாரும் வரவில்லை. அம்மாவும் நானுமாகச் சேலையை மறைத்துக் கட்டி, உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆட்களும். கூட வந்தவர்களிடம் அவர் அலுத்துக்கொண்டது ஓலை வழியாகத் தெளிவாகக் கேட்டது. "சொன்னா ஒருத்தரும் கேக்குறதில்லய்யா. இந்தச் சனங்களுக்கு எம்புட்டுச் சொன்னாலும் புரியாது."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். துப்பட்டியைத் தேடவில்லை. தலையில் முக்காடுகூட இல்லாமல், கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அன்னிய ஆண்கள் முன்னால் போய் நின்றாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"கேட்டோம்யா" என்றாள். சத்தம் போடவில்லை. "மாசி வீதிச் சந்துல வந்து ரெண்டு வரிசை எடுங்கன்னீக. நாங்க அம்புட்டையும் எடுத்தோம். நீங்க சொன்னதுக்கு மேலயே கேட்டோம். கேட்டதுக்கு இந்தப் பொட்டல். கேக்காததுக்கு உள்ள கெடக்கா எம் பிள்ள. இனி எதைக் கேக்கச் சொல்றீக, சொல்லுங்க."

அவர் முகத்தில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. பிறகு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். காலி பண்ணுங்கள், காலி பண்ணுங்கள் என்று அவருடைய ஆட்கள் கதவைத் தட்டினார்கள். அங்கேயும் யாரும் திறக்கவில்லை.